கண்ணுக்கெட்டிய வரை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், “கண்ணால் கண்டேன் என்று உடனே சத்தியம் பண்ணாதீர்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை பேர் சண்டைக்கு வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். பொன்முடிச்சு, பூர்வஜென்மம், வாஸ்து பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள்க. அவற்றுக்கு அடுத்த மாதமும் பதில் வராது.

*

கேள்வி: “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயுள் முழுக்கக் கண் கிளினிக்கில் பார்வை பரிசோதித்த நீங்களும் அதையே சொல்கிறீர்களா ஐயா?
க. சி., தம்பலகாமம்

பதில்: இல்லை. அந்தப் பழமொழியின் முதற்பகுதியோடு எனக்குத் தகராறு உண்டு. கண் பொய் சொல்வதில்லை. நின்ற இடத்தில் நின்று, இருந்த வெளிச்சத்தில் தெரிந்ததைச் சொல்லும் சாட்சி அது. விடுபட்டதை ஊகித்து நிரப்பித் தீர்ப்பு எழுதுவது மூளை. தீர்ப்புப் பிழைத்தால் நாங்கள் சாட்சியைத் திட்டுகிறோம்.

செய்து பாருங்கள். பிள்ளையின் றூள் கொப்பியில் ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி வலப்பக்கம் கச்சான் பருப்பளவு ஒரு கறுப்புப் பொட்டு போடுங்கள். இடக்கண்ணைப் பொத்தி, வலக்கண்ணால் சிலுவையை மட்டும் பாருங்கள். கொப்பியை ஓரடி தூரத்தில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பொட்டு காணாமற் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. அந்த இடத்தில் எல்லாருக்கும் குருடுதான். மரியொட் என்ற பிரெஞ்சுக்காரர் 1660களில் கண்டுபிடித்தது இது.

பொட்டு மறைந்ததைக் காட்டிலும் விசேஷம் ஒன்று இருக்கிறது. பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை தெரியாது. வெள்ளைத் தாள் தெரியும், கொப்பியின் கோடும் அறாமல் ஓடும். அந்தக் கோட்டை நீங்கள் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்து மூளை போட்டுக்கொண்ட கோடு அது. இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்துவிடும். அதனால்தான் ஐம்பது வயது வரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்கிறோம்.

இன்னொன்று. கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் கண்ணுக்குக் கூர்மை. இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லில் பார்வையை நிறுத்திக்கொண்டு, நாலு சொல் தள்ளி இருப்பதை வாசிக்கப் பாருங்கள். முடியாது. கண் விநாடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பொறுக்குவதை ஒட்டி, முழுப் பக்கமும் தெளிவாகத் தெரிகிறது என்ற எண்ணத்தை உண்டாக்குவதும் மூளைதான்.

சைவ சித்தாந்தத்தில் காட்சி, கருதல், உரை என்று அளவைகள், அதாவது ஒன்றை அறியும் வழிகள், உண்டு. அங்கே காட்சியைப் பொய் என்று யாரும் தள்ளவில்லை. ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியே காட்சி என்றார்கள். தூரத்தில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று தடுமாறினால் ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவுகட்டினால் திரிவு. எனக்கு அந்தப் பிரிப்புத்தான் பழமொழியைவிடப் பிடித்தது. ஆனால் “எல்லாம் அன்றே நம்மவருக்குத் தெரியும்” என்று மேடை ஏற மாட்டேன். மேலே சொன்ன குருட்டுப்புள்ளியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

*

கேள்வி: எனக்கு ஏழெட்டு வருடமாகச் சீனி வருத்தம். கண்ணாடி போடாமலே பேப்பர் வாசிக்கிறேன். மகள் வருடா வருடம் கண் கிளினிக்குக்கு இழுக்கிறாள். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு ஏன் வைத்தியம்?
ஓய்வுபெற்ற தபால் ஊழியர், உவர்மலை

பதில்: “நன்றாகத் தெரிகிறது” என்பது உங்கள் மூளை தருகிற அறிக்கை. முந்தின பதிலில் உள்ள பொட்டுப் பரீட்சையைச் செய்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் பெரும்பாலும் நோவில்லாமல் ஓரப் பார்வையில் இருந்து தின்னத் தொடங்கும். ஓரத்தில் இருட்டு வட்டம் எதுவும் தெரியாது. மூளை நிரப்பிக்கொண்டே வரும். வாசிப்பது நடுப் பார்வையால் என்பதால் கடைசி வரை பேப்பர் வாசிக்கலாம். கதவு நிலையில் தோள் இடிபடும், பக்கத்தில் வரும் சைக்கிள் ‘திடீரென்று’ முளைக்கும். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். சீனி வருத்தத்தில் விழித்திரை இரத்தக் குழாய்கள் கசிவதும் அப்படித்தான், தொடக்கத்தில் ஒரு சிலமனும் இராது.

சுவரில் எழுத்துப் பலகை வாசிப்பதைப் பரிசோதனை என்று பலர் நினைக்கிறார்கள். அது 1862இல் ஸ்னெல்லன் என்ற ஒல்லாந்து வைத்தியர் உண்டாக்கியது, நடுப் பார்வையை மட்டும் அளப்பது. அதிலும் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். வரிசையில் முன்னால் நிற்பவர் வாசிப்பதைக் காதால் கேட்டுப் பாடமாக்கி, கடைசி வரி வரை ஒப்புவித்துவிட்டுப் போவார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வருபவர்களிடம் இந்த வித்தை அதிகம். கண்மணியை விரிக்க மருந்து விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனையில் ஒப்புவிக்க ஒன்றுமில்லை. மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, மகளோடு ஓட்டோவில் போங்கள்.

*

கேள்வி: விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கிணறு கூடச் சூடு என்று பொடியனும் பெட்டையும் சண்டை. ஒரே கிணற்றுத் தண்ணீரை அவன் சூடு என்கிறான், அவள் வெதுவெதுப்புத்தான் என்கிறாள். ஆர் சொல்வது சரி?
அம்மம்மா, உப்புவெளி

பதில்: இரண்டு பேரும் சரி அம்மா. அடியைத் தவிர்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் ஊன்றிய இடங்கள் என்று சொல்லப்படும் அந்த ஏழு கிணறுகளும் ஒரே சூட்டில் இல்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் அளந்தது தண்ணீரை அல்ல. தோல் வெப்பமானி இல்லை. ‘இப்போது எத்தனை பாகை’ என்று அது கேட்பதில்லை, ‘சற்று முன் இருந்ததைவிடக் கூடவா குறையவா’ என்றுதான் கேட்கும். பொடியன் சூடு குறைந்த கிணற்றில் வாளி வாளியாக ஊற்றிவிட்டு வந்திருப்பான். பெட்டை கூடச் சூடான கிணற்றில் நின்றுவிட்டு வந்திருப்பாள். ஒரே வாளித் தண்ணீர் இருவருக்கும் இரண்டு விதம். இடம் மாற்றி நிற்க வைத்திருந்தால் சண்டையும் இடம் மாறியிருக்கும்.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜோன் லொக் 1690இலேயே இதை எழுதியிருக்கிறார்: ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிர்ந்தும் மற்றக் கைக்குச் சுட்டும் இருக்கலாம். அவர் கன்னியாவுக்கு வந்ததில்லை, பாவம். வீட்டிலேயே மூன்று பேசினில் செய்யலாம். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் சுடுதண்ணீர், நடுவில் பைப் தண்ணீர். இரண்டு கையையும் ஓரங்களில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு ஒன்றாக நடுப் பேசினில் விடச் சொல்லுங்கள். சண்டை ஒரே பிள்ளைக்குள் நடக்கும்.

தோலின் சேட்டை இதோடு முடியவில்லை. விடியற்காலையில் முற்றத்தில் கிடந்த இரும்புக் கதிரை குளிரும், பக்கத்து மரக் கதிரை குளிராது. இரண்டும் ஒரே வெப்பநிலைதான். இரும்பு உங்கள் உடம்புச் சூட்டை வேகமாக இழுக்கிறது, அந்த வேகத்தைத்தான் தோல் உணர்கிறது. ஜேர்மன் உடற்றொழிலியலாளர் வேபர் 1846இல் இன்னும் வினோதமான ஒன்றைச் சொன்னார்: நெற்றியில் வைத்த குளிர்ந்த நாணயம், அதே எடையுள்ள சூடான நாணயத்தைவிடப் பாரமாகத் தெரியும். மருமகள் குழந்தையின் குளிப்புத் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தால் சிரிக்காதீர்கள். பாத்திரம் கழுவி மரத்த விரலை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

*

கேள்வி: சேர், கரட் ஜூஸ் ஆறு மாதம் குடித்தால் கண்ணாடியைக் கழற்றலாம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?
எம். ஆர்., கிண்ணியா

பதில்: கழற்றலாம் தம்பி, ஜூஸ் குடிக்கும்போது. பிறகு திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும்.

விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அவருக்குக் கரட்டும் முருங்கையிலையும் மருந்து. மற்றவரின் விழி வடிவத்தைக் கரட் மாற்றாது. இந்தக் கதை இவ்வளவு பரவியதற்குக் காரணம் யுத்தம். இரவில் ஜேர்மன் விமானங்களை விழுத்திய தங்கள் விமானிகள் கரட் சாப்பிடுபவர்கள் என்று இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பரப்பினார்கள். உண்மையில் அவர்களிடம் இருந்தது ரேடார். அந்த ரேடாரின் அருமை எங்கள் ஊருக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, எந்த மனிதக் கண்ணுக்கும் தெரியுமுன் கண்டு எச்சரித்தது இங்கிருந்த ரேடார்தான்.

*

கேள்வி: எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் பின்னேரம் ஆறே முக்கால் போல ஒரு விபத்து. மோதிவிட்டு ஓடிய வான் கறுப்பு என்று நான் பொலிசில் சொன்னேன். பக்கத்தில் நின்ற மச்சான் சிவப்பு என்று சொல்லியிருக்கிறார். இப்போது நான் பொய்ச்சாட்சி என்று ஊரில் கதை. நான் கண்டது கறுப்புத்தான் ஐயா.
த. ந., நிலாவெளி வீதி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த ‘ஆறே முக்கால்’. அதைப் பொலிசிலும் சொன்னீர்களா?

இன்று பின்னேரம் வேலியோரச் செவ்வரத்தையின் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். வெயில் இருக்கையில் இலையைவிடப் பூ எடுப்பாகத் தெரியும். பொழுதுபட்டு வெளிச்சம் இறங்க இறங்கப் பூ கறுக்கும், இலை மட்டும் சாம்பல் வெளிச்சத்தில் நிற்கும். பகலில் நிறம் காண்கிற கலங்கள் வேறு, இருட்டில் வேலை செய்கிற கலங்கள் வேறு. இருட்டுக் கலங்களுக்குச் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பு. செக் நாட்டுப் பூர்க்கின்யே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்தது இது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் போல வேண்டும். நீங்கள் முற்றத்து இருட்டில் நின்றவரா, மச்சான் கடை லாம்பு வெளிச்சத்துக்குள் இருந்து வந்தவரா என்று கேளுங்கள். தெரு விளக்கு மஞ்சள் சோடியம் விளக்காக இருந்தால் விஷயம் இன்னும் மோசம். அதன் கீழ் நிறம் பார்த்துச் சீலை எடுத்தவர்களுக்குத் தெரியும். ஆகவே சிவப்பு வானைக் கறுப்பு என்று நீங்கள் உண்மையாகவே கண்டிருக்கலாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. “கறுப்புத்தான்” என்று இப்போது நீங்கள் அழுத்துகிற அழுத்தம், அன்று இருந்ததைவிடக் கூடியிருக்கும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஞாபகம் புதிதாக வார்ப்புப் பிடிக்கும். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 1984இல் பாலியல் வல்லுறவுக்குள்ளான ஒரு மாணவி, குற்றவாளியின் முகத்தை மறக்கவே கூடாது என்று அந்த நேரத்திலேயே உற்றுப் பார்த்து மனதில் வைத்தார். பிறகு முழு நம்பிக்கையோடு ரொனால்ட் கொட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். கொட்டன் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 1995இல் டிஎன்ஏ பரிசோதனை வேறொருவனைக் காட்டியது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. தன் தவறு தெரிந்தபின் கொட்டனைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், இருவரும் சேர்ந்து சாட்சிகளின் நம்பகம் பற்றி மேடைகளில் பேசவும் தொடங்கினார்கள்.

ஓடிய சாரதியைப் பிடித்தால் அவனும் “மோட்டார் சைக்கிளைக் காணவே இல்லை” என்பான். அது சாட்டாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள், பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சில் அடித்துவிட்டுப் போனார். பார்த்தவர்களில் பாதிப் பேர் போல அவரைக் காணவே இல்லை. கண்ணில் விழுந்தது, கவனத்தில் விழவில்லை. தப்பி ஓடியதற்கு மட்டும் இந்த விளக்கம் பொருந்தாது.

நீங்கள் செய்யக்கூடியது: மச்சானோடு கதைத்து ஒரே நிறத்துக்கு வந்துவிடாதீர்கள். பொலிசுக்குத் திரும்பப் போய், “கறுப்பாகத் தெரிந்தது; நேரம் இது, நின்ற தூரம் இது, வெளிச்சம் இவ்வளவு” என்று சேர்த்து எழுதுவியுங்கள். மச்சானும் தனியாக அதையே செய்யட்டும். ஊர்க் கதைக்கு என்னிடம் மருந்து இல்லை.

*

கேள்வி: மண்டாவால் மீன் குத்தும்போது மீன் தெரிகிற இடத்துக்குக் கீழே குத்த வேண்டும் என்று அப்பு பழக்கினவர். ஏன் என்று அவருக்கும் தெரியாது.
பெயர் வேண்டாம், திருக்கடலூர்

பதில்: தெரியாமலே சரியாகச் செய்தாரே, அதுதான் படிப்பு. தண்ணீரில் இருந்து வெளியே வருகையில் ஒளி வளைகிறது. நேர்மேலே இருந்து பார்த்தால் நான்கு முழ ஆழம் மூன்று முழம் போலத் தெரியும், சரிந்து பார்த்தால் இன்னும் மேலே வந்தது போல இருக்கும். அதனால் கீழே குத்த வேண்டும். கண்ணின் கணக்குக் காற்றுக்குப் போட்டது, தண்ணீருக்கு அல்ல. புறாமலையில் கண்ணாடி மாட்டிச் சுழியோடுபவர்களுக்கும் இதே கதிதான், அங்கே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரைக்கு வந்து “இவ்வளவு நீளம்” என்று கை விரிப்பவரிடம் கால்வாசியைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தில் எவ்வளவு கழிப்பது என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது.

*

கேள்வி: மிதிவெடியில் அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இரவில் இல்லாத பாதம் கடிக்கிறது, விரல்கள் முறுகிக்கொண்டு நிற்கின்றன என்கிறார். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று எங்களிடம் மட்டும் சொல்கிறார்.
மகள், சம்பூர்

பதில்: பிள்ளை, இதை முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இது பைத்தியம் இல்லை. அவயவம் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் இப்படி உணர்கிறார்கள். கால் போனாலும் காலுக்கென்று மூளையில் ஒதுக்கிய இடம் போகவில்லை. அங்கே உண்டாகும் உணர்வைப் ‘பாதத்தில் கடி’ என்றுதான் மூளைக்கு வாசிக்கத் தெரியும்.

எங்கள் துறைமுகத்துக்குச் சிறுவயதில் சீஹோர்ஸ் என்ற கப்பலில் வந்துபோன நெல்சனுக்கு 1797இல் வலது கை போனது. பிறகும் அந்தக் கையின் விரல்களை உணர்ந்தார் என்றும், உடம்பு போனாலும் ஆன்மா இருக்கும் என்பதற்கு அதையே சாட்சியாகச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பா நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் மிக மலிவான ஒரு வழியைக் காட்டினார். ஒரு நீளக் கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே, இருக்கிற காலைக் காட்டும்படி நிறுத்த வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இழந்த கால் திரும்ப வந்தது போல இருக்கும். இருக்கிற பாதத்தின் விரல்களை மெல்ல விரித்து மடக்கினால், முறுகிக்கொண்டு நின்ற விரல்களும் விரிவதாகச் சிலருக்குத் தெரியும், நோ தணியும். எல்லாருக்கும் பலிப்பதில்லை. சிலருக்கு முதலில் மனம் கலங்கும். ஆகவே வீட்டில் தனியாகத் தொடங்காமல், பெரியாஸ்பத்திரியில் இயன்மருத்துவரிடம் காட்டி, அவர் முன்னால் செய்யுங்கள். நோவுக்கு மருந்துகளும் உண்டு, கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

*

கேள்வி: பௌர்ணமி அன்று டச்பே கடற்கரையில் சந்திரன் கடலில் இருந்து எழும்பும்போது தாம்பாளம் அளவு. மகனின் போனில் படம் எடுத்தால் பொட்டு அளவு. புது போன், விலையும் அதிகம். திருத்தக் கொடுக்கவா?
ஜெ. ப., டைக் வீதி

பதில்: கொடுக்காதீர்கள், போன் சரியாகத்தான் எடுத்திருக்கிறது. கையை நீட்டிச் சின்னவிரல் நகத்தைச் சந்திரன் மேல் பிடியுங்கள். எழும்பும்போதும் நகம் அதை மறைத்துவிடும், நடு இரவில் உச்சிக்கு வந்தபின்னும் அதே நகம் அதே அளவில் மறைக்கும். சொல்லப்போனால் எழும்புகிற சந்திரன் ஒரு பொடி சின்னது. உச்சியில் இருக்கும்போதைவிட அப்போது பூமியின் அரைவிட்டமளவு, ஏறக்குறைய 6,400 கிலோமீற்றர், எங்களுக்குத் தூரத்தில் இருக்கிறது.

ஏன் தாம்பாளமாகத் தெரிகிறது என்று இரண்டாயிரம் வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள், இன்னும் முடிவில்லை. கடல், தோணி, தொடுவானம் எல்லாம் சேர்ந்து ‘இது வெகு தூரத்தில் இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்ல, ‘அப்படியானால் பெரியதாகத்தான் இருக்க வேண்டும்’ என்று அது கூட்டிப் போட்டுவிடுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். இந்தப் பத்திரிகையைக் குழலாகச் சுருட்டி, கடலும் தோணியும் தெரியாமல் சந்திரனை மட்டும் பாருங்கள், சுருங்கும். திரும்பி நின்று குனிந்து கால்களுக்கு நடுவால் பார்த்தாலும் சுருங்கும் என்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் அதை மகனைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் படம் எடுங்கள்.